கால் நுனியும் முன்சக்கரமும்

அம்பாங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிறுத்துமிடத்தின் கடைசித் தூணுக்கும் பின்சுவருக்கும் நடுவே, எந்த வீட்டாருக்கும் ஒதுக்கப்படாத, நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு வெற்றிடம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல், கார்களின் நடமாட்டம் அடங்கிய பிறகு, என் தங்கை மகள் அவ்விடத்தில் தன் புதிய சைக்கிளை வட்டமாகச் சுற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். வலப்புறம் சற்று ஒடுக்கமாகத் திரும்பிய ஒரு கணத்தில், அவளுடைய இடக்காலணியின் நுனி முன்சக்கரத்து டயரில் இடித்தது. திரும்பிய ஹேண்டில் நேராக மறுத்தது. பெடலோ நிற்க மறுத்துக் காலைக் கீழே தள்ளிக்கொண்டே போயிற்று. அடுத்த கணம் அவள் சிமெண்டுத் தரையில் கிடந்தாள். முழங்கையில் சிராய்ப்பைத் தவிர வேறு அபாயம் எதுவும் நேரவில்லை என்பது இறைவன் கருணை. எழுந்து உட்கார்ந்தவள் முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மாமா, எனக்கு ஓட்டத் தெரியாம விழுந்தேனா, இல்ல சைக்கிளே இப்படித்தானா?"

அன்றிரவு நான் சொன்ன பதில் அரைகுறையானது. "எல்லாப் பிக்சியும் இப்படித்தான்மா, பழகிக்கணும்" என்றேன். அவள் அந்தச் சைக்கிளை வாங்கிய கடையிலும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்தப் பதில் என் மனத்தில் தைத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அளவு நாடாவும் காகிதமுமாக உட்கார்ந்து, மூன்று நான்கு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு நான் கண்டறிந்ததை, அவளுக்குச் சொல்ல வேண்டிய முழுமையான பதிலாக இங்கே எழுதுகிறேன்.

பிக்சி எனப்படும் இவ்வகைச் சைக்கிளின் சுபாவத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரணச் சைக்கிளில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருண்டுகொண்டே போகும்; பின்சக்கரத்தில் உள்ள ஃபிரீவீல் சக்கரத்தையும் பெடலையும் தனித்தனியே விட்டுவிடுகிறது. பிக்சியில் அந்தச் சுதந்திரம் இல்லை. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும். சக்கரத்தோடு கால்களுக்கு ஏற்படும் இந்த இடையறாத சம்பந்தமே இதை ஓட்டுபவர்களின் ஆனந்தம். நான் இருபது ஆண்டுகளாக வேறு வகைச் சைக்கிளை விரும்பாததற்கும் அதுவே காரணம். ஆயினும் கால் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும் பிரச்சினை, ஓட்டிகள் டோ ஓவர்லாப் என்று சொல்வது, பிக்சியில் மட்டும் இத்தனை பூதாகாரமாகத் தோன்றுவதற்கும் அந்தச் சம்பந்தமே காரணமாகிறது. சாதாரணச் சைக்கிளில் திரும்பும்போது வெளிப்புறக் காலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அப்படியே உருண்டு போய்விடலாம். பிக்சியில் கால் எப்போது முன்னே வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சக்கரமே.

அவளுடைய சைக்கிளில் முன்பல்சக்கரத்துக்கு 46 பற்கள், பின்னதற்கு 16. பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் நகரும். இரண்டு மீட்டர் ஆரமுள்ள அரைவட்டமாகத் திரும்பினால், சக்கரம் கடக்கும் தூரமும் ஏறக்குறைய அதே 6 மீட்டர். ஆகவே ஒவ்வொரு முறை வண்டியைத் திருப்பும்போதும் வெளிப்புறக் கால் ஒருதடவை முன்னால் வந்தே தீரும். தப்பித்தோம் என்பது அதிருஷ்டம் அல்ல, அந்த ஒருதடவை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்த விஷயம். ஏன் வெளிப்புறக் கால்? ஹேண்டிலை வலப்புறம் திருப்பும்போது சக்கரத்தின் முன்பாதி வலப்புறம் போக, பின்பாதி இடப்புறம் விலகி வருகிறது. அங்கே அதைச் சந்திப்பது இடக்கால். நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்வதால் வண்டியைத் திருப்புவது பெரும்பாலும் வலப்புறமாகவே நிகழ்கிறது. என்னுடைய பழைய காலணிகளை எடுத்துப் பார்த்தேன்; நான்கு ஜோடியிலும் இடக்காலின் நுனிதான் தேய்ந்திருந்தது.

இங்கே என் தந்தையாரின் சைக்கிளை நினையாமல் இருக்க முடியவில்லை. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். கறுப்பு நிறத்து ராலே ஒன்று. பின்னால் பால் வாளிகள் இரண்டு தொங்க, மண்பாதையில், மரங்களுக்கு நடுவே, நாய் குறுக்கே வந்தாலும் வேர் குறுக்கே வந்தாலும் நினைத்த இடத்தில் நினைத்தபடி அதைத் திருப்புவார். அவர் காலில் கிடந்தது ரப்பர் பூட்ஸ். முன்சக்கரத்துக்கு மேல் மட்கார்டு வேறு. ஒருநாளேனும் கால் இடித்ததாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. இத்தனைக்கும் அந்த 28 அங்குலச் சக்கரம் இன்றைய பிக்சியின் சக்கரத்தைவிடப் பெரியது. ரகசியம் பிரேமின் சாய்வில் இருந்தது. அவ்வகை வண்டிகளில் ஹெட் டியூப், அதாவது ஹேண்டிலின் தண்டு இறங்கும் முன்குழாய், தரையோடு ஏறத்தாழ 68 பாகைக் கோணத்தில் நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் தாராளமாக முன்னோக்கி வளைந்திருக்கும். ஆகவே முன்சக்கரம் ஓட்டுபவரின் காலுக்கு எட்டாத தூரத்தில் உருண்டது. பாரம் சுமப்பதற்கும் குண்டுகுழிகளைப் பொறுப்பதற்கும் என்றே வகுக்கப்பட்ட க்ஷேத்திர கணிதம் அது.

பிக்சியோ சைக்கிள் பந்தயத் தளத்தில் பிறந்தது. நெகிரி செம்பிலானின் நீலாயில், 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட தேசிய வெலோட்ரோமுக்குச் சென்றிருப்பவர்கள் அந்த 250 மீட்டர் மரத்தளத்தைக் கண்டிருப்பார்கள். சுவர்போல் எழும்பி நிற்கும் அந்த வளைவுகளின் ஆரம் இருபது மீட்டருக்கும் மேல். அவ்வளவு விரிந்த வளைவில் செல்லும் சைக்கிளின் ஹேண்டில் மூன்று பாகைகூடத் திரும்புவதில்லை. திரெங்கானுவின் டுங்குனில் பிறந்து, 2017-ல் ஹாங்காங்கில் கெய்ரின் என்னும் தளப் பந்தயத்தில் உலகச் சாம்பியனாகி, தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அசிசுல்ஹஸ்னி அவாங், 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்று உலகம் செல்லமாக அழைக்கும் நம் வீரர், மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் பாயும்போது, அவருடைய கால் நுனி சக்கரத்துக்கு எத்தனை அருகில் இருந்தால்தான் என்ன? அந்த வேகத்தில் சக்கரம் காலைத் தேடி வரப்போவதே இல்லை. அங்கே வேண்டியது நினைத்த கணத்தில் திசை மாறும் கூர்மை. அதற்காக ஹெட் டியூபை 74, 75 பாகைக்கு நிமிர்த்தி, சக்கரத்தைப் பிரேமுக்கு நெருக்கமாக இழுத்து வைக்கிறார்கள். தளத்தில் அது குணம். அதே வண்டியை அம்பாங் சாலையின் விளக்கடியிலும், இரவுச் சந்தையின் நெரிசலிலும், அடுக்குமாடியின் அடித்தளத்திலும் கொண்டுவந்து மெதுவாகத் திருப்பும்போதுதான் தோஷமாகிறது.

இனி அளவுகள். அவளுடைய சைக்கிளில், பெடல் தண்டாகிய கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து முன்சக்கர அச்சின் நடுவரை நாடாவைப் பிடித்தேன்: 573 மி.மீ. இதை முன்மைய தூரம் என்று வைத்துக்கொள்வோம். ரிம்மின் அளவு 622, பாதி 311, டயரின் உயரம் 25, ஆகவே சக்கரத்தின் ஆரம் 336. கழித்தால், கிராங்க் அச்சுக்கும் டயரின் பின்விளிம்புக்கும் இடையே 237 மி.மீ. கிடைக்கிறது. இதற்குள் அடங்க வேண்டியவை, கிராங்கின் நீளமாகிய 170-ம், பெடல் அச்சுக்கு முன்னே நீண்டிருக்கும் அவளுடைய காலணியின் 95-ம் ஆக 265. பற்றாக்குறை 28 மி.மீ. ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பார்த்ததில், ஏறத்தாழ 15 பாகையில் டயர் காலணியைத் தொட்டது.

பரிகாரங்கள் உண்டு, ஒவ்வொன்றும் சிறியது. கிராங்கை 165 ஆக மாற்றினால் 5 மி.மீ. மிச்சம். கெய்ரின் வீரர்கள் நெடுங்காலமாகவே குட்டையான கிராங்கை விரும்புவார்கள். வளைவில் சாயும்போது பெடல் தளத்தில் உரசாமலிருக்கவும் அது உதவும். நுனி தடித்த காலணியை விட்டு மெல்லியதை அணிந்தால் இன்னொரு 5. டயரை 23-க்கு இறக்கினால் 2. ஆனால் நம் சாலைகளின் குழிகளை நினைத்தால் இதை நான் எளிதில் சிபாரிசு செய்யமாட்டேன். எல்லாவற்றையும் கூட்டினாலும் 12தான், 16 மி.மீ. பாக்கி நிற்கிறது.

அப்படியானால் ஃபோர்க்கை மாற்றினால் என்ன என்று கேட்பார்கள். நானும் ஒருகாலத்தில் கேட்டவன். ஃபோர்க்கின் வளைவு அதிகமானால் சக்கரம் அவ்வளவுக்கு முன்னே தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆனால் இங்கேதான் பிரேமின் கணிதம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. ஹெட் டியூபின் நேர்க்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சிறிது முன்னால் விழும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை ட்ரெயில் என்பார்கள். தள்ளுவண்டியின் சிறுசக்கரம் தானாகவே போகும் திசைக்குத் திரும்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் நேராக ஓட விரும்புவதற்கும் பெருமளவில் இதே பின்னிழுப்புத்தான் ஆதாரம். 74 பாகைச் சாய்வும் 35 மி.மீ. வளைவும் உள்ள வண்டியில் ட்ரெயில் ஏறத்தாழ 60 மி.மீ.; வளைவை 45 ஆக்கினால் அது 50-க்கு இறங்கிவிடும். காலுக்கு ஒரு சென்டிமீட்டர் இடம் வாங்கினோம். அதற்கு விலையாக ட்ரெயிலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரைக் கொடுத்தோம். ஹேண்டில் இலகுவாகி, காற்றடித்தாலும் கை நடுங்கினாலும் அலைபாயத் தொடங்கும். ஹெட் டியூபைச் சாய்த்தாலோ, பாகைக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். ஆனால் ட்ரெயில் மிகுந்து, மெதுவாகச் செல்கையில் சக்கரம் பக்கத்தில் சரிந்து விழப் பார்க்கும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது. இந்தப் பரஸ்பரப் பிணைப்பை உணராமல் ஃபோர்க்கை மட்டும் மாற்றி வண்டியின் குணத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் பலரை அறிவேன்.

சட்டங்கள் என்ன சொல்லுகின்றன என்றும் தேடினேன். அமெரிக்காவில் 1970-களில் நுகர்வோர் பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட சைக்கிள் விதிகள், பெடலுக்கும் முன் டயருக்கும் இடையே குறைந்தது 89 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கின்றன. காலைப் பிணைத்துப் பிடிக்கும் கவ்வியோ வாரோ உள்ள பெடல்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன. பிணைக்கப்பட்ட கால் டயரில் இடித்தால் விடுபடுவது இன்னும் கடினம் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். ஆகவே அந்த விலக்கு எனக்குச் சம்மதமானது அல்ல. அனைத்துலகச் சைக்கிள் சம்மேளனமாகிய யூசிஐ, பந்தயச் சைக்கிளின் முன்மைய தூரம் 54 முதல் 65 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறது. 54 சென்டிமீட்டரில் யாருடைய காலும் இடிக்கும்.

இந்த இடத்தில்தான் அவளுடைய கேள்விக்கு விடை கிடைத்தது. பதினோரு வகை உயரத்தினருக்கு வண்டி செய்யும் நிறுவனம், பிரேமைச் சிறிதாக்குகிறது, இருக்கையைத் தாழ்த்துகிறது, ஹேண்டிலின் அகலத்தைக் குறைக்கிறது. சக்கரத்தை மட்டும் ஆறடி மனிதருக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் அதே 622-ல் வைத்துவிடுகிறது. பெரிய பிரேமில் முன்மைய தூரம் தானாகவே அறுநூறைத் தாண்டிவிடுவதால் உயரமானவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரிவதே இல்லை. 152 சென்டிமீட்டர் உயரமுள்ள என் தங்கை மகள்தான் விழுகிறாள். குள்ளமானவர்களின் பிரேமில் சக்கரத்துக்கு இடம் தேடும்பொருட்டு உற்பத்தியாளர்கள் ஹெட் டியூபைச் சாய்க்கிறார்கள். அதனால் நீண்டுபோகும் மேல்குழாயை அளவுப் பட்டியலில் குட்டையாகக் காட்டுவதற்காக, இருக்கையின் குழாயை நிமிர்த்துகிறார்கள். பட்டியலில் எண் குறைகிறது. ஆனால் பெடலிலிருந்து ஹேண்டில்வரை கை எட்ட வேண்டிய தூரம் குறைவதில்லை. முழங்காலுக்குச் சரியாக இருக்கையைப் பின்னே தள்ளியதும் பழைய நீளம் திரும்பி வந்துவிடுகிறது. இதை நான் மன்னிக்க முடியாத குறையாகவே கருதுகிறேன். நம் மலேசியாவில் நூற்றைம்பது, நூற்றறுபது சென்டிமீட்டர் உயரத்தவர் அபூர்வமானவர்களா என்ன? பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாலைநேரம் நின்று பார்த்தால் கடந்துபோகும் பெண்களில் எத்தனை பேர் அந்த உயரத்தில் இருப்பார்கள்!

வழி தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1985-ல் அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்னும் பொறியாளர், சிறிய உருவமுள்ள பெண்களுக்கென்றே ஒரு சைக்கிள் நிறுவனம் தொடங்கி, முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகச் சிறிதாக்கி, பின்சக்கரத்தை வழக்கமான அளவிலேயே விட்டு, இந்தச் சிக்கலை நேர்மையாகத் தீர்த்துக் காட்டினார். பார்வைக்கு விநோதமான அந்த வண்டிகளின் பின்னால் தெளிவான கணிதம் இருந்தது. பந்தயங்களில் இரு சக்கரங்களும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று யூசிஐ விதிப்பது உண்மையே. ஆயினும் அதே விதி டயரோடு சேர்ந்த விட்டம் 55 முதல் 70 சென்டிமீட்டர்வரை இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. 571 மி.மீ. ரிம்முள்ள சிறிய சக்கரங்கள் இரண்டைப் பூட்டினால் விதிக்கும் விரோதமில்லை, காலுக்கும் விரோதமில்லை. ஆரத்தில் மட்டும் 25 மி.மீ.க்கு மேல் மிச்சம். வழக்கத்தைத் தவிர வேறொன்றும் குறுக்கே நிற்கவில்லை.

இருக்கும் வண்டியோடு வாழ்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். வேகமாகச் செல்லும்போது இதைப் பற்றி அஞ்சவே வேண்டாம். கிள்ளானை நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில், சுரங்கப்பாதைகளில் வளைந்து நெளிந்து போகிறபோதும் என் கால் ஒருநாளும் இடித்ததில்லை. அஞ்ச வேண்டியது நடக்கும் வேகத்தில்தான்: காவலாளியின் தடுப்புக் கம்பியருகில், குறுகிய சந்தில் வண்டியைத் திருப்புகையில், மிட் வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா செல்லும் சைக்கிள் பாதையின் ஒடுங்கிய திருப்பங்களில். அப்போது திரும்பத் தொடங்கும் முன்பே வெளிப்புறக் காலைக் கவனித்து, அது முன்நிலையைத் தாண்டிக் கீழிறங்கிய பிறகு ஹேண்டிலைத் திருப்பி, அது மறுபடி மேலேறி வருமுன் நேராக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிச் செல்வதில் ஓர் இழுக்கும் இல்லை. விளக்கடியில் காலூன்றாமல் சமநிலையில் நிற்கப் பழகுபவர்கள், எந்தக் கால் முன்னே இருக்கிறதோ அந்தப் பக்கமே சக்கரத்தைத் திருப்பட்டும். டயரின் பின்பாதி மறுபக்கம் விலகிவிடும். நம் சாலைகள் இடவோரம் தாழ்ந்திருப்பதால், வலக்காலை முன்வைத்து வலப்புறம், மேட்டை நோக்கித் திருப்புவதே உத்தமம்.

முன்பிரேக் இல்லாமல் யாரும் சாலைக்கு வரவேண்டாம் என்பதையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களில் நள்ளிரவுக்குப் பின் சாலையில் திரண்டிருந்த சிறுவர்களில் எட்டுப் பேர் கார் மோதி மாண்ட செய்தி இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அவர்களுடையவை வேறு வகை வண்டிகள். ஆனால் பதினான்கு வயதில் சைக்கிளின்மேல் கொள்ளும் பிரியம் எங்கும் ஒன்றுதான்.

கடைசியில் அவளுடைய சைக்கிளை விற்றுவிட்டோம், உயரமான ஒரு கல்லூரி மாணவிக்கு. பல வாரங்கள் தேடி, 571 சக்கரத்துக்கென்றே பிறந்த, பின்அச்சை முன்னும் பின்னும் நகர்த்திச் சங்கிலியை இறுக்கத் தோதான ஒரு பழைய இரும்புப் பிரேமைக் கண்டுபிடித்தோம். முன்மைய தூரம் 565 மி.மீ., முந்தையதைவிட 8 மி.மீ. குறைவு, ஆயினும் டயரோடு சக்கரத்தின் ஆரம் 308.5தான். கிடைக்கும் இடம் 256.5. 160 கிராங்கும், மெல்லிய காலணியின் 90-ம் சேர்ந்து 250. இந்த அளவில் டயர் இங்குள்ள கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டு ஜோடிகளை ஒரேயடியாகத் தருவித்து, வீட்டுப் பால்கனியின் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம்.

சென்ற ஞாயிறு இரவு மறுபடியும் அதே தூணுக்கும் சுவருக்கும் நடுவே அவள் வலப்புறம் வட்டமடித்தாள். நான் தரையில் குந்தி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு இடக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனி முன்னே வந்தது. டயரின் பின்விளிம்பு அதன் எதிரே வந்தது. நடுவில் ஆறரை மி.மீ. வெளிச்சம் தெரிந்தது.

"இடிக்கலையே, மாமா?"

"இடிக்கல. இன்னொரு சுத்து வாம்மா, பார்க்கிறேன்."